மின்சாரம் போன மாலையிலிருந்து மடிக்கணினி கறுப்புத் திரையிலேயே நிற்கிறது (லினக்ஸ் மின்ட் 22)

செம்பனைக்காற்று | சனி, இரவு 9:12

வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்திலிருந்து எழுதுகிறேன். என் மடிக்கணினிக்கு ஒன்பது வயது ஆகிறது. 8 ஜிபி ராம், 120 ஜிபி எஸ்எஸ்டி, இன்டெல் கிராஃபிக்ஸ் மட்டும்தான், தனி அட்டை கிடையாது. பேட்டரி செத்து ஒரு வருடம் ஆகிறது. சார்ஜரைப் பிடுங்கினால் அந்த நொடியே அணைந்துவிடும். விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு ஆதரவு முடிந்தது, விண்டோஸ் 11 இதில் ஏறாது. அதனால் மின்ட் 22 எக்ஸ்எஃப்சிஇ போட்டேன். அன்றிலிருந்து நன்றாகத்தான் ஓடியது.

நேற்று சாயங்காலம் கெர்னல் (லினக்ஸின் அடித்தள நிரல்) அப்டேட் ஒன்று வந்திருந்தது. சரி என்று கொடுத்துவிட்டு, மழை இருட்டிக்கொண்டு வந்ததால் கொடியில் கிடந்த துணியை எடுக்க ஓடினேன். பெரிய இடி ஒன்று இடித்தது. லயம் (தோட்டத்து வரிசை வீடுகள்) முழுக்க மின்சாரம் போய்விட்டது. எட்டு மணிக்கு வந்தது. மடிக்கணினியைத் தட்டினால் தயாரிப்பாளர் சின்னம் வருகிறது, அப்புறம் திரை கறுப்பு. விசிறி ஓடுகிறது. அரை மணி நேரம் விட்டுப் பார்த்தேன், அப்படியேதான் இருந்தது.

இன்று காலை ஈப்போவில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, ஃபார்மட் செய்யவேண்டும், 80 வெள்ளி (ரிங்கிட்) ஆகும், உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும் என்றார்கள். திரும்பக் கொண்டுவந்துவிட்டேன்.

உள்ளே பாட்டியின் குரல் இருக்கிறது. பாட்டி 1934ல் பிறந்தவர். 1943ல், ஜப்பான்காரர் காலத்தில், அவருடைய அப்பாவைச் சயாமுக்கு (இன்றைய தாய்லாந்து) ரயில் பாதை போடக் கூட்டிப்போனார்கள், அவர் திரும்பி வரவில்லை. அதையெல்லாம் பாட்டி வாசற்படியில் உட்கார்ந்து சொல்லச் சொல்லக் கைப்பேசியில் பதிந்தேன். மொத்தம் 11 கோப்புகள். கைப்பேசியில் இடம் இல்லாமல் மடிக்கணினிக்கு மாற்றிவிட்டு அங்கே அழித்துவிட்டேன். பாட்டி போன வருடம் தவறிவிட்டார். வேறு நகல் இல்லை.

யாராவது வழி சொல்லுங்கள்.

துரோலாக் தம்பி | சனி, இரவு 9:31

அண்ணே, கறுப்புத் திரை என்றால் பெரும்பாலும் கிராஃபிக்ஸ் டிரைவர்தான். கணினி எழும்போது எதில் எழுப்புவது என்று கேட்கும் கிரப் பட்டியலில் முதல் வரியில் நின்று 'இ' என்ற ஆங்கில எழுத்தை அழுத்துங்கள். லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் நோமோட்செட் என்று இடைவெளி இல்லாமல் ஒரே சொல்லாக ஆங்கிலத்தில் சேர்த்து, எஃப்10 அழுத்துங்கள். என் பழைய கணினியில் இதுதான் கை கொடுத்தது.

பட்டறைக்காரர் | சனி, இரவு 9:50

தம்பி, முதலில் வன்பொருளா மென்பொருளா என்று பிரித்துக்கொள்வோம். 20 வருடமாகத் திருகாணி பிடிக்கிறேன். இடி மின்னலுக்குப் பிறகு வருகிற கணினி என்றாலே நான் சார்ஜரையும் பலகையையும்தான் முதலில் பார்ப்பேன்.

மூன்று சோதனை செய்யுங்கள். அறையை இருட்டாக்கிவிட்டு, கைப்பேசி விளக்கைத் திரையின் மேல் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். மங்கலாக ஏதாவது எழுத்தோ படமோ தெரிந்தால் பின்னொளி போய்விட்டது, கணினி உள்ளே ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. இரண்டாவது, எச்டிஎம்ஐ கம்பியைத் தொலைக்காட்சியில் சொருகிப் பாருங்கள். மூன்றாவது, திரை கறுத்த பிறகு கேப்ஸ் லாக் விசையைத் தட்டுங்கள். விளக்கு எரிந்து அணைகிறதா, அசையாமல் நிற்கிறதா, தானாக மினுங்குகிறதா? இந்த மூன்றும் வேறு வேறு.

செம்பனைக்காற்று | சனி, இரவு 10:24

நன்றி. வரிசையாகச் சொல்கிறேன்.

நோமோட்செட் சேர்த்துப் பார்த்தேன், ஒரு மாற்றமும் இல்லை. கைப்பேசி விளக்கில் ஒன்றும் தெரியவில்லை. தொலைக்காட்சியில் தயாரிப்பாளர் சின்னம் வந்தது, அப்புறம் அதுவும் கறுப்பு.

கேப்ஸ் லாக் விளக்கு நான் தொடாமலேயே மினுங்குகிறது. விநாடிக்கு ஒன்றிரண்டு தடவை, ஒரே சீராக. நேற்றே பார்த்தேன், பேட்டரி இல்லாததால் அப்படி என்று நினைத்துவிட்டேன்.

இன்னொன்று. முன்பெல்லாம் கிரப் பட்டியல் என் கண்ணில் பட்டதே இல்லை. இப்போது ஒவ்வொரு முறையும் வந்து அரை நிமிடம் நிற்கிறது. அதுவும் கோளாறா?

பெங்குவின் அக்கா | சனி, இரவு 10:41

தம்பி, அந்த மினுங்கலைச் சொன்னதற்கு நன்றி. பாதி வேலை முடிந்துவிட்டது.

கறுப்புத் திரை ஒரே நோய் இல்லை. பொத்தானை அழுத்தியதும் முதலில் பலகையில் இருக்கும் ஃபர்ம்வேர் எழும், அது கிரப்பைக் கூப்பிடும், கிரப் கெர்னலை ஏற்றும், கெர்னல் வட்டைத் திறக்கும், அதன் பிறகு சிஸ்டம்டி எழுந்து ஒவ்வொரு சேவையாகத் தொடங்கும், கடைசியில்தான் லைட்டிஎம் வந்து உள்நுழைவுத் திரையைக் காட்டும். இந்த ஓட்டத்தில் எங்கே தடுக்கினாலும் நம் கண்ணுக்குத் தெரிவது ஒரே கறுப்புதான். எந்த இடத்தில் நின்றது என்று தெரியாமல் கட்டளை தட்ட ஆரம்பித்தால் நல்லதாக இருப்பதும் கெட்டுப்போகும்.

உங்களுக்குச் சின்னம் வருகிறது, அதனால் ஃபர்ம்வேர் நலம். கிரப் பட்டியல் வருகிறது, அதுவும் நலம். பட்டியல் அரை நிமிடம் நிற்பது கோளாறு இல்லை. போன தடவை முழுதாக ஏறவில்லை என்று கிரப் குறித்து வைத்திருக்கிறது. அதனால்தான் 30 விநாடி காத்திருந்து, வேறு எதையாவது தேர்ந்தெடுக்க உங்களுக்கு நேரம் கொடுக்கிறது. (இழையைப் பிறகு படிப்பவர்களுக்கு: பட்டியலே வரவில்லை என்றால் யூஇஎஃப்ஐ கணினியில் சின்னம் வந்ததும் எஸ்கேப்பை ஒருமுறை தட்டவும், பழைய பயாஸ் கணினியில் ஷிஃப்டை அழுத்திப் பிடிக்கவும்.)

கேப்ஸ் லாக் தானாக மினுங்குவது கெர்னல் பேனிக்கின் அடையாளம். கெர்னல் ஏறியது, மேலே போக முடியாமல் கையை விரித்துவிட்டது. வட்டு செத்துவிட்டது என்று இதற்கு அர்த்தம் இல்லை. பாட்டியின் குரல் அங்கேயே இருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. எதையும் நிறுவ வேண்டாம், எதையும் அழிக்க வேண்டாம்.

முனையம் | சனி, இரவு 11:05

அக்கா சொன்னதற்கு மேல் ஒரு படி போவோம். கெர்னல் என்ன சொல்லிவிட்டு நின்றது என்று கேட்கவேண்டும். அது சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது, அழகுக்காகப் போட்ட படத்திரை அதை மறைக்கிறது.

மறுபடி 'இ' அழுத்தி அந்த லினக்ஸ் வரிக்குப் போங்கள். கடைசியில் கொயட் ஸ்பிளாஷ் என்று இரண்டு சொல் இருக்கும். இரண்டையும் எடுத்துவிடுங்கள். அதற்குப் பின்னால் டாலர் குறியோடு விடி ஹேண்டாஃப் என்று ஏதாவது இருந்தால் அதையும் எடுங்கள். எஃப்10. இந்த மாற்றம் ஒரு தடவைக்கு மட்டும்தான், வட்டில் எதுவும் எழுதப்படாது, பயப்பட வேண்டாம். எழுத்து ஓடி நிற்கும் இடத்தைப் படம் எடுத்து, முக்கியமான வரியை இங்கே தட்டிப் போடுங்கள்.

எஃப்10 அழுத்தும் முன் இன்னொன்றும் பாருங்கள். அந்த லினக்ஸ் வரிக்குக் கீழே இனிட்ஆர்டி என்று தொடங்கும் வரி ஒன்று இருக்கவேண்டும். இருக்கிறதா?

செம்பனைக்காற்று | சனி, இரவு 11:22

இனிட்ஆர்டி வரி இல்லை. மூன்று முறை பார்த்தேன். லினக்ஸ் வரியோடு முடிந்துவிடுகிறது.

எழுத்து ஓடியது. கடைசியில் நிற்பது: கெர்னல் பேனிக், நாட் சிங்கிங், விஎஃப்எஸ், அனேபிள் டு மவுன்ட் ரூட் எஃப்எஸ் ஆன் அன்னோன் பிளாக், அடைப்புக்குள் 0,0.

முனையம் | சனி, இரவு 11:40

கிடைத்துவிட்டது.

இனிட்ஆர்டி அல்லது இனிட்ராம்எஃப்எஸ் என்பது கெர்னலோடு சேர்ந்து ஏறுகிற ஒரு சிறிய மூட்டை. உங்கள் எஸ்எஸ்டியில் லினக்ஸ் இருக்கும் பகுதியைக் கண்டுபிடித்துத் திறக்க என்னென்ன தொகுதிகள் வேண்டுமோ அவையெல்லாம் அதற்குள் இருக்கும். என் அப்பா கங்காணியாக இருந்தவர், அதனால் எனக்கு இதைப் பெரட்டுக் களத்தை (காலையில் தோட்ட ஆட்கள் கூடி வேலை வாங்கிக்கொள்ளும் இடம்) வைத்துத்தான் யோசிக்க வரும். ஐந்தரை மணிக்கு ஆட்களெல்லாம் பெரட்டுக்கு வந்து நிற்கிறார்கள், ஆனால் ஸ்டோர் சாவி வைத்திருப்பவர் வரவில்லை. கத்தியும் வாளியும் ஸ்டோருக்குள் பத்திரமாகத்தான் இருக்கின்றன, எடுத்துக் கொடுக்க ஆள் இல்லை. உங்கள் புதுக் கெர்னல் வந்து நிற்கிறது, சாவி மூட்டை உருவாகவே இல்லை. 0,0 என்பதன் பொருளும் அதுதான். எந்த வட்டைத் திறப்பது என்றே அதற்குத் தெரியவில்லை.

அப்டேட் பாதியில் நின்றால் இப்படி ஆகும். நேற்றைய மின்தடையோடு பொருந்துகிறது. பழைய கெர்னல் இன்னும் உள்ளே இருக்கும், அதற்கான மூட்டையும் இருக்கும். கிரப்பில் அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ் போய் பழைய பதிப்பு எண் கொண்ட 6.8ஐத் தேர்ந்தெடுத்தால் எழுந்துவிடும் என்று நம்புகிறேன்.

துரோலாக் தம்பி | சனி, இரவு 11:44

இல்லையென்றால் மின்ட் யூஎஸ்பியில் எழுப்பி, சிஎச்ரூட் செய்து (அங்கிருந்தே உள்வட்டில் இருக்கும் லினக்ஸுக்குள் நுழைந்து), எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சரி செய்துவிடலாம். நான் கட்டளைகளைத் தருகிறேன்.

பெங்குவின் அக்கா | சனி, இரவு 11:58

தம்பிகளா, இரண்டு பேருக்கும் என் வேண்டுகோள். முதலில் நகல்.

சயாம் ரயில் பாதை 415 கிலோமீட்டர். 1942, 43ல் போட்டது. அங்கே செத்த கைதிப் படைவீரர்களுக்குக் காஞ்சனாபுரியில் வரிசையாகக் கல்லறைகள், கல்லில் பெயர், படைப்பிரிவு, வயது எல்லாம் இருக்கின்றன. நான் போய் நின்று பார்த்திருக்கிறேன். மலாயாத் தோட்டங்களிலிருந்து போன நம் ஆட்களுக்கு அப்படி ஒரு வரிசை இல்லை. ஒரு மகள் தன் அப்பாவின் பெயரைச் சொல்லி, எந்த லயத்திலிருந்து, எந்த நாளில் கூட்டிப்போனார்கள் என்று சொல்கிற 11 கோப்புகள் அந்த 120 ஜிபிக்குள் இருக்கின்றன. பழைய கெர்னல் எழும் என்று நானும் நம்புகிறேன். இருந்தாலும் அந்தக் கோப்புகள் வெளியே வரும்வரை யாரும் எதையும் தொட வேண்டாம்.

வழி எளிதுதான். மின்ட் யூஎஸ்பியில் எழுப்பினால் நிறுவாமலேயே முழு மேசைத் திரையும் வரும். கோப்பு மேலாளரில் இடது பக்கம் உள்வட்டு தெரியும். அதைத் திறந்து, ஹோம், உங்கள் பெயர், அதற்குள் கோப்புகள். வெளி வட்டிலோ இன்னொரு பென்டிரைவிலோ இழுத்துப் போட்டால் போதும். நிறுவும்போது ஹோமைக் குறியாக்கம் செய்தீர்களா?

செம்பனைக்காற்று | ஞாயிறு, காலை 7:03

குறியாக்கம் செய்யவில்லை அக்கா. நீங்கள் எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். ஆனால் மின்ட் போட்ட பென்டிரைவை அழித்துத் தங்கையின் எஸ்பிஎம் தேர்வுப் பாடங்களுக்குக் கொடுத்துவிட்டேன். வேறு கணினி வீட்டில் இல்லை.

கங்சார் கரை | ஞாயிறு, காலை 7:48

நான் கோலகங்சாரில் இருக்கிறேன், மோட்டோவில் வந்தால் அரை மணி நேரம்கூட ஆகாது. மின்ட் 22 போட்ட பென்டிரைவும் காலியாக ஒரு 64 ஜிபியும் என்னிடம் இருக்கின்றன. மத்தியானம் சுங்கை சிப்புட்டில்தான் ஒரு கல்யாணம். தனிச்செய்தி அனுப்புங்கள், கொண்டுவந்து தருகிறேன்.

செம்பனைக்காற்று | ஞாயிறு, மாலை 4:37

வந்துவிட்டது. 11 கோப்புகளும் வந்துவிட்டன.

கங்சார் கரை அண்ணன் கல்யாணச் சாப்பாட்டுக்குப் பிறகு நேரே வீட்டுக்கே வந்துவிட்டார். எஃப்12 அழுத்தி யூஎஸ்பியில் எழுப்பினோம். கோப்பு மேலாளரில் உள்வட்டைத் தட்டியதும் எல்லாக் கோப்புறைகளும் அப்படியே இருந்தன. நகல் எடுத்ததும் முதல் கோப்பைத் திறந்து பார்த்தோம். ஆரம்பத்தில் சேவல் கூவும், பாட்டி 'ச்சீ போ' என்று அதை விரட்டிவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பார். அந்தச் சத்தம் வந்ததும் அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்துவிட்டார். முழுதாக 40 நிமிடம் உட்கார்ந்து கேட்டோம்.

64 ஜிபி பென்டிரைவைத் திரும்ப வாங்க மறுத்துவிட்டார் அண்ணன். இன்னொரு நகல் அவருடைய கணினியிலும் இருக்கட்டும் என்று எடுத்துப்போயிருக்கிறார். மிகவும் நன்றி.

நகல் எடுக்கும்போது ஒன்று கவனித்தேன். உள்வட்டைத் திறந்திருந்தபோது சன்னலின் கீழ் ஓரத்தில் காலி இடம் 0 பைட் என்று காட்டியது. யூஎஸ்பியிலிருந்து பார்ப்பதால் அப்படிக் காட்டுகிறதா? இனி பழைய கெர்னலை முயற்சி செய்யலாமா?

முனையம் | ஞாயிறு, மாலை 4:52

இல்லை, யூஎஸ்பியிலிருந்து பார்த்தாலும் உண்மையான எண்ணைத்தான் காட்டும். அந்தப் பூஜ்யம்தான் நாம் தேடிக்கொண்டிருந்தது என்று நினைக்கிறேன். இடியின் மேல் பழி போட்டு நேற்று நான் அவசரப்பட்டுவிட்டேன்.

சாவி மூட்டை செய்ய இடம் வேண்டும். கெர்னல் வந்து இறங்கியதும் கணினி அந்த மூட்டையைக் கட்டும். வட்டு நிறைந்திருந்தால் கட்டுவது பாதியில் தோற்கும், அரைகுறையாக எழுதியதை அதுவே அழித்துவிடும். விளைவு நீங்கள் பார்த்ததேதான்: கெர்னல் இருக்கும், இனிட்ஆர்டி வரி இருக்காது. மின்சாரம் போகாமல் இருந்திருந்தாலும் அடுத்த தடவை அணைத்து எழுப்பும்போது இதே கறுப்புத் திரைதான் வந்திருக்கும்.

பழைய கெர்னலில் எழுப்புங்கள். ஆனால் உள்நுழைவுத் திரை வராமல் போகலாம். வட்டு நிறைந்திருந்தால் லைட்டிஎம் தனக்குத் தேவையான சிறு கோப்புகளைக்கூட எழுத முடியாமல் விழுந்துவிடும், மறுபடியும் ஒரு கறுப்புத் திரை. அது வேறு கறுப்பு. அப்போது கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். சில மடிக்கணினியில் எஃப்என் விசையையும் சேர்க்கவேண்டும். வெறும் எழுத்தில் பெயர் கேட்கும். பெயரும் கடவுச்சொல்லும் கொடுங்கள். கடவுச்சொல் தட்டும்போது புள்ளிகூடத் தெரியாது, அது இயல்பு.

உள்ளே போனதும் டிஎஃப், இடைவெளி, ஒரு சிறு கோடு, எச். வட்டில் எவ்வளவு இடம் மீதி என்று அது காட்டும். கட்டளைகளை ஒலிக்கிற மாதிரி எழுதுகிறேன், நீங்கள் சின்ன ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

செம்பனைக்காற்று | ஞாயிறு, மாலை 5:30

நீங்கள் சொன்ன மாதிரியே நடந்தது. பழைய கெர்னலில் மின்ட் சின்னம் வந்தது, எனக்குக் கைகால் ஓடவில்லை. அப்புறம் கறுப்பு, இடது மூலையில் ஒரு சிறு கோடு மட்டும் மினுங்கியது. கேப்ஸ் லாக் இந்தத் தடவை மினுங்கவில்லை, தட்டினால் எரிந்தது, தட்டினால் அணைந்தது. எஃப்3ல் உள்ளே போய்விட்டேன்.

சாய்கோடு மட்டும் இருக்கும் வரியில்: அளவு 109ஜி, பயன்பாடு 109ஜி, மீதி 0, 100 விழுக்காடு.

முனையம் | ஞாயிறு, மாலை 5:41

லினக்ஸ் வட்டை எக்ஸ்டி4 முறையில் வடிவமைக்கும்போது வழக்கமாக 5 விழுக்காடு இடத்தை ரூட்டுக்கு, அதாவது நிர்வாகிக்கு, என்று ஒதுக்கி வைத்திருக்கும். சாதாரணப் பயனருக்கு இடம் தீர்ந்தாலும் நிர்வாகி உள்ளே வந்து துடைக்க அது உதவும். உங்களிடம் அந்த ஒதுக்கீடும் தீர்ந்துவிட்டது. அப்படியென்றால் தின்றது நீங்கள் சேமித்த படமோ பாட்டோ இல்லை, ரூட்டாக ஓடும் ஏதோ ஒன்று. மின்ட்டில் என் முதல் சந்தேகம் எப்போதும், கணினியின் நிலையை அவ்வப்போது நகல் எடுத்து வைக்கும் டைம்ஷிஃப்ட்தான்.

எது எவ்வளவு இடம் தின்கிறது என்று பார்க்க, சூடோ (நிர்வாகியாக ஓட்டும் கட்டளை) போட்டு டியூ, கோடு எக்ஸ்எச், இரட்டைக் கோடு மேக்ஸ் கோடு டெப்த் சமம் 1, இடைவெளி, சாய்கோடு. ஒரு நிமிடம் ஆகும்.

செம்பனைக்காற்று | ஞாயிறு, மாலை 5:55

டைம்ஷிஃப்ட் 43ஜி. ஹோம் 41ஜி. யூஎஸ்ஆர், வார் இரண்டும் சேர்ந்து இருபத்துச் சொச்சம்.

நிறுவிய அன்று தினசரி, வாராந்திரம், மாதாந்திரம் மூன்றையும் தட்டிவிட்டேன். நிறைய இருந்தால் பாதுகாப்பு என்று நினைத்தேன்.

முனையம் | ஞாயிறு, மாலை 6:10

சரி, துடைப்போம். கோப்புறையைக் கையால் அழிக்காதீர்கள். அந்த நகல்கள் ஒன்றோடொன்று கோப்புகளைப் பகிர்ந்துகொண்டிருக்கும், டைம்ஷிஃப்ட் வழியாகவே அழிப்பதுதான் முறை. சூடோ டைம்ஷிஃப்ட் இரட்டைக் கோடு லிஸ்ட் என்றால் பட்டியல் வரும். சூடோ டைம்ஷிஃப்ட் இரட்டைக் கோடு டிலீட் என்றால் எதை அழிப்பது என்று எண் கேட்கும். கடைசியாக எடுத்த ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை ஒவ்வொன்றாக எடுங்கள். முதல் ஒன்றிரண்டு அழித்ததும் இடம் பெரிதாகக் கூடவில்லையே என்று பதறவேண்டாம், பகிர்ந்த கோப்புகள் கடைசி நகல் போகும்போதுதான் விடுபடும்.

அடுத்து சூடோ ஆப்ட் கிளீன். நிறுவி முடிந்த பொட்டலங்களின் எச்சம் போகும்.

டிஎஃப் மறுபடி போட்டுப் பார்த்து, குறைந்தது 10ஜி காலி வந்த பிறகு மட்டும் மேலே போங்கள். சூடோ டிபிகேஜி இரட்டைக் கோடு கன்ஃபிகர் கோடு ஏ. பாதியில் நின்ற அப்டேட்டை அதுவே எடுத்து முடிக்கும், சாவி மூட்டையையும் பெரும்பாலும் அதுவே கட்டிவிடும். ஜெனரேட்டிங் என்று தொடங்கி பூட் கோப்புறையில் இனிட்ஆர்டி படத்தின் பெயரோடு ஒரு வரி வருகிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் சூடோ அப்டேட் கோடு இனிட்ராம்எஃப்எஸ், கோடு சி, கோடு கே, புதுக் கெர்னலின் முழுப் பதிப்பு எண். கடைசியாகச் சூடோ அப்டேட் கோடு கிரப். அதன் பிறகு சூடோ ரீபூட்.

பட்டறைக்காரர் | ஞாயிறு, மாலை 6:22

முனையம் தம்பி சொல்வதை நானும் படித்துக்கொண்டிருக்கிறேன். இந்த வேலை முடிகிற வரை மழை வராமல் இருக்கவேண்டும். உங்களுக்குப் பேட்டரி இல்லை, டிபிகேஜி ஓடும்போது மறுபடி மின்சாரம் போனால் இன்னொரு சிக்கல். மேகம் கறுத்திருந்தால் காலையில் செய்யுங்கள்.

செம்பனைக்காற்று | ஞாயிறு, மாலை 6:30

ஐயா சொன்னது சரி. இப்போதே இருட்டிக்கொண்டுதான் வருகிறது, செம்பனைக் காட்டுக்கு மேல் மின்னுகிறது. டைம்ஷிஃப்ட் நகல்களை மட்டும் அழித்துவிட்டு அணைத்துவிடுகிறேன். மற்றது காலையில்.

செம்பனைக்காற்று | திங்கள், காலை 6:48

மடிக்கணினியிலிருந்தே எழுதுகிறேன்!

நகல்களை அழித்ததும் 34ஜி காலி ஆனது. காலை ஐந்தரைக்கு எழுந்து டிபிகேஜி கட்டளையைக் கொடுத்தேன். அந்த ஜெனரேட்டிங் வரி வந்தபோது மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன், கிட்டத்தட்ட ஒரு நிமிடம் நின்றது, அப்புறம் நகர்ந்தது. கிரப்பும் சரி. மறுபடி எழுப்பியதும் நேரே உள்நுழைவுத் திரை. யூநேம் கோடு ஆர் போட்டால் புதுக் கெர்னலைக் காட்டுகிறது.

இன்னொன்றும் பார்த்தேன். வார், லாக், ஆப்ட் கோப்புறையில் டெர்ம் லாக் என்று ஒரு கோப்பு இருக்கிறது. வெள்ளிக்கிழமை அப்டேட்டின் வரிகள் அதில் அப்படியே இருக்கின்றன. நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ் என்று எழுதி, மூட்டை கட்டுவது தோற்றது என்றும் எழுதி, மாலை 6:41க்கு முடிந்திருக்கிறது. மின்சாரம் போனபோது மணி ஏழைத் தாண்டிவிட்டது, அம்மா பூசை விளக்கு ஏற்றிய பிறகுதான் இடி இடித்தது. முனையம் அண்ணன் சொன்னது உண்மை. அப்டேட் மேனேஜர் சன்னலில் பிழை என்று காட்டியிருக்கும், நான் துணி எடுக்கப் போயிருந்தேன்.

முனையம் | திங்கள், காலை 7:15

மிக்க மகிழ்ச்சி. அந்த டெர்ம் லாக்கைத் தேடிப் படித்தீர்களே, அதற்காக இன்னொரு மகிழ்ச்சி.

இப்போது டைம்ஷிஃப்ட்டைத் திறந்து தினசரியை எடுத்துவிடுங்கள். 120 ஜிபி வட்டுக்கு வாராந்திரம் 2 போதும். முடிந்தால் நகல் போகும் இடத்தை வெளி வட்டுக்கு மாற்றுங்கள், அதற்கு எக்ஸ்டி4 போன்ற லினக்ஸ் முறையில் வடிவமைத்த வட்டு வேண்டும். அப்டேட் மேனேஜரின் விருப்பங்களில் பழைய கெர்னல்களைத் தானாக நீக்கும் தேர்வு இருக்கிறது, அதையும் தட்டுங்கள். இயல்பான நிலையில் டைம்ஷிஃப்ட் உங்கள் ஹோமைத் தொடாது. 43ஜி இருந்தும் அதற்குள் பாட்டியின் ஒரு கோப்புகூட இருந்திருக்காது. அது கணினியைத் திருப்ப மட்டும்தான்.

பெங்குவின் அக்கா | திங்கள், காலை 8:02

தம்பி, கோப்புகளுக்குப் பெயர் என்ன வைத்திருக்கிறீர்கள்? வெறும் எண்ணாக இருந்தால் இந்த வாரமே மாற்றிவிடுங்கள். பதிந்த தேதி, பாட்டி பெயர், தோட்டத்தின் பெயர், என்ன பேசுகிறார் என்று நாலு சொல். கூடவே ஒரு சாதாரண உரைக் கோப்பில் பாட்டி சொல்கிற ஆட்களின் பெயர்களை எழுதிவையுங்கள். அம்மா பக்கத்தில் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள், எந்த ஊர்ப்பெயர் எந்த லயம் என்று அவருக்குத்தான் தெரியும்.

செம்பனைக்காற்று | திங்கள், இரவு 8:40

வெறும் எண்தான் அக்கா. இன்று மாலை அம்மாவோடு உட்கார்ந்து முதல் மூன்றுக்கு எழுதிவிட்டோம். இரண்டாவது கோப்பில் பாட்டி ஏழு பேரின் பெயரைச் சொல்கிறார், ஒரே லோரியில் போனவர்கள். அதில் இரண்டு பேருடைய பேரப்பிள்ளைகள் இன்னும் இதே ஊரில்தான் இருக்கிறார்கள் என்று அம்மா சொல்கிறார். ஞாயிற்றுக்கிழமை மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு போகிறோம்.

பட்டறைக்காரர் ஐயாவுக்கு ஒரு கேள்வி. இந்தப் பழைய கணினிக்கு பேட்டரி வாங்கிப் போடலாமா, வீணா?

பட்டறைக்காரர் | திங்கள், இரவு 9:05

போடுங்கள் தம்பி. பேட்டரி வெளியே கழற்றுகிற மாதிரி இருந்தால் நீங்களே மாற்றிவிடலாம். அடிப்பக்கத்தில் ஒட்டியிருக்கும் எண்ணைப் பார்த்து அதே எண்ணில் வாங்குங்கள். ஒரு மணி நேரம் தாங்கினாலே மின்தடைக்குப் போதும். மழைக் காலத்தில் இடி கேட்டால் சார்ஜரைச் சுவரிலிருந்து பிடுங்கிவிடுங்கள்.

புதுப்பலகை | செவ்வாய், காலை 10:20

இழை முழுவதும் படித்தேன். எனக்கும் கறுப்புத் திரைதான், உபுண்டு 24.04. கேப்ஸ் லாக் மினுங்கவில்லை, தட்டினால் எரிகிறது. ஆனால் கைப்பேசி விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் உள்நுழைவுத் திரை மங்கலாகத் தெரிகிறது. நானும் டைம்ஷிஃப்ட்டை அழிக்கவேண்டுமா?

பட்டறைக்காரர் | செவ்வாய், காலை 10:34

வேண்டாம், உங்களுடையது பின்னொளி. கணினி முழுதாக எழுந்து உங்களுக்காகக் காத்திருக்கிறது. முதலில் ஒளியைக் கூட்டுகிற விசையைப் பத்துத் தடவை தட்டுங்கள், எஃப்என்னோடு சேர்த்து. கடைசியாக இருந்த ஒளியளவை அணைக்கும்போது சேமித்து எழும்போது அதையே திரும்ப வைப்பது சிஸ்டம்டியின் பழக்கம், மிகக் குறைவாக விட்டிருந்தால் மங்கலாகவே எழக்கூடும். ஒளி வரவில்லை என்றால் எச்டிஎம்ஐயில் தொலைக்காட்சியைச் சொருகி, புது இழை ஒன்று திறந்து, மாடல் எண்ணோடு எழுதுங்கள். அங்கே வருகிறேன்.